ரவுட்டருக்கான குட்டி யூபிஎஸ்: 8 மணி நேரம் என்றது, 3 மணி நேரம்தான் நின்றது

2022 மார்ச்சில் வாங்கிய சாமான் இது. பிராண்ட் எதுவென்று கேட்காதீர்கள், திருகோணமலை டவுனில் நான் வாங்கிய கடையில் ஒரே கறுப்புப் பெட்டியை மூன்று பெயரில் அடுக்கி வைத்திருந்தார்கள். விலை 7,500 ரூபாய். கரண்ட் போனால் ரவுட்டரை அணையவிடாமல் பிடித்துக்கொள்ளும், அவ்வளவுதான் அதன் வேலை.

நான் உப்புவெளியில் இருந்துகொண்டு கெஸ்ட் ஹவுஸ்களுக்கு வெப்சைட் செய்து கொடுப்பவன். 2019 ஈஸ்டர் குண்டுவெடிப்பு, அடுத்து கொரோனா என்று ஏற்கெனவே இரண்டு அடி வாங்கியிருந்தோம், மூன்றாவதாக, 2022 இலங்கைப் பொருளாதார நெருக்கடியில் கரண்டே இல்லாமல் போனது. மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரை வெட்டினார்கள். காலையில் எழும்பினால் பல் விளக்க முதல், இன்றைக்கு எங்கள் ஏரியாவின் எழுத்துக்கு (ஏரியாக்களை A, B, C என்று பிரித்துத்தான் வெட்டினார்கள்) எத்தனை மணிக்கு வெட்டு என்றுதான் பார்ப்பேன். லேப்டாப் எப்படியோ நாலு மணி நேரம் தாங்கும், ரவுட்டர் அந்த நொடியே செத்துவிடும், போனில் டேட்டா போடுவோம் என்றால் கொஞ்ச நேரத்தில் டவரும் படுத்துவிடும்.

பெட்டியில் 8 மணி நேரம் என்று அச்சடித்திருந்தது. எனக்கு மூன்றைத் தாண்டவே இல்லை. கடைக்காரரோடு சண்டைக்குப் போக இருந்தேன், அப்புறம் கணக்குப் போட்டுப் பார்த்தால் பிழை என்னிலும் இருக்கிறது. பெட்டியில் போட்டிருக்கும் 8800 மில்லி ஆம்பியர் அவர் (mAh) என்பது உள்ளே கிடக்கும் 3.7 வோல்ட் செல்லின் கணக்கு, பெருக்கினால் 32 வாட் அவர் (Wh) சொச்சம். என் ஃபைபர் ரவுட்டர் 9 வாட் இழுக்கிறது. 12 வோல்ட்டுக்கு ஏற்றும்போது கொஞ்சம் சூடாகவே போய்விடும். மூன்று மணி நேரம் நியாயம்தான், பெட்டிதான் பொய். வாங்குபவர்கள் ரவுட்டர் அடாப்டரில் 9 வோல்ட்டா 12 வோல்ட்டா என்று முதலில் பாருங்கள், மாற்றிக் குத்தினால் ரவுட்டரே போகும்.

ஆனால் அந்த மூன்று மணி நேரம் சோறு போட்டது. நிலாவெளியில் கெஸ்ட் ஹவுஸ் வைத்திருக்கும் அக்கா ஒருவர், "தம்பி, முன்பக்கத்திலேயே 24 மணி நேர ஜெனரேட்டர் என்று பெரிசாப் போடுங்கோ" என்றார். போட்டேன். எங்கள் பக்கம் சீசனே மே முதல் செப்டம்பர் வரைதான். அதற்கு நடுவில், ஜூன் கடைசியில், அத்தியாவசிய சேவை தவிர யாருக்கும் எரிபொருள் இல்லை என்று அறிவித்தார்கள். அன்று இரவு எட்டு மணிக்கு மறுபடி போன். "அதைக் கழட்டுங்கோ தம்பி, டீசல் இல்லாமல் வாறவைக்கு என்ன சொல்றது?" வீட்டிலும் கரண்ட் இல்லை. இந்தப் பெட்டியின் பச்சை லைட் மட்டும் எரிய, இருட்டில் இருந்து ஜெனரேட்டர் வரியை அழித்தேன். அந்த மாதம் காசுக்குப் பதில் பாரை மீன் வந்தது. நல்ல மீன், அதையும் சொல்ல வேண்டும்.

குறை என்றால் உப்புக்காற்று. ஒரு வருசத்தில் பிளக் முனை பச்சை பிடித்துவிட்டது, பேட்டரியும் நாற்பது நிமிசத்துக்கு இறங்கிவிட்டது. கொண்டுபோய்க் காட்டினால், "கடல் காத்துக்கு வாரண்டி இல்லை தம்பி" என்றார் கடைக்காரர். போன் திருத்துகிற பொடியனிடம் கொடுத்து நாலு செல்லையும் மாற்றினேன், 2,400 ரூபாய். இப்போது மழைக்குக் கரண்ட் போனால் பழையபடி மூன்று மணி நேரம் நிற்கிறது, பிளக்கை மட்டும் மாதம் ஒருக்கால் துடைத்துவிடுகிறேன்.