கையால் இயக்கும் டயர் ஸ்டாண்டும் ரசமட்டப் பேலன்சரும்: கடலூரிலிருந்து ஒரு மதிப்பீடு

நெடுஞ்சாலைக்கு ஒரு செட், சேற்றுக்கும் மணலுக்கும் முரட்டுப் பட்டன் கொண்ட இன்னொரு செட் என டயர்களை மாற்றி மாற்றிப் போடும் தார், ஜிம்னி ஜீப் உரிமையாளர்களை நம்பி, டயரை ரிம்மிலிருந்து கழற்றி மாட்டக் கையால் இயக்கும் டயர் ஸ்டாண்டும், சக்கரத்தின் எடை எல்லாப் பக்கமும் சமமாக உள்ளதா என்று காட்டும் ரசமட்டக் குமிழி பொருத்திய பேலன்சரும் ஒரே பெட்டியில் இணையத்தில் விற்கப்படுகின்றன. மஞ்சக்குப்பத்தில் எங்கள் வீட்டு போர்ட்டிகோவில் 255/65 ஆர்18 அளவு டயர்களைக் கொண்டு இரண்டையும் பயன்படுத்திப் பார்த்ததில், ஸ்டாண்டு கொடுத்த காசுக்குத் தகும் என்றும், பேலன்சர் பாதி வேலைதான் செய்கிறது என்றும் தோன்றுகிறது.

ஸ்டாண்டின் அடித்தட்டைக் கான்கிரீட் தரையில் ஆங்கர் போல்ட் அடித்து இறுக்கியாக வேண்டும். டைல்ஸ் தரை இதற்கு ஆகாது. டயரின் பீட்டை (ரிம்மைப் பிடித்து உட்காரும் தடித்த உள்விளிம்பை) ரிம்மிலிருந்து பிரிக்கும் நெம்புகோல் நல்ல கனமான இரும்பு. கடற்காற்றில் ஆண்டுக்கணக்கில் நிற்கும் பழைய ஜீப்புகளின் இரும்பு ரிம்களில் பீட் துருவோடு ஒட்டிக்கொண்டு அசையாது என்பது நம் ஊர் டயர் கடைக்காரர்கள் எல்லோருக்கும் தெரியும். அப்படிப்பட்ட ரிம் ஒன்றிலும் இது வளையாமல் நின்றது. அலாய் ரிம்முக்கான பிளாஸ்டிக் உறை மட்டும் மெலிதாக இருப்பதால், அதன் மேல் பழைய ட்யூப் துண்டு ஒன்றைச் சுற்றிக்கொள்வது நல்லது. வால்வோடு சேர்ந்த காற்றழுத்த சென்சார் உள்ள ரிம்மில், நெம்புகோலை வால்வுக்கு அருகில் வைக்கவே கூடாது.

கையேட்டில் இல்லாத முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. ஒரு பக்கத்து பீட்டை ரிம்மின் நடுப்பள்ளத்துக்குள் முழங்காலால் அழுத்தி இறக்கினால்தான் எதிர்ப்பக்கத்து பீட், டயரைக் கழற்றி மாட்டும் லிவருக்கு இணங்கி விளிம்பைத் தாண்டும். அதைச் செய்யாமல் பலத்தை மட்டும் நம்பினால், பீட்டுக்குள் ஓடும் எஃகுக் கம்பி சேதமடைந்து டயரே வீணாகும். வழுக்கலுக்குச் சோப்புத் தண்ணீர் போதும். கிரீஸும் மண்ணெண்ணெயும் ரப்பரைக் கெடுக்கும். காற்றடிக்கும்போது 40 பி.எஸ்.ஐ.க்குள் பீட் ‘டப்’பென்று உட்காரவில்லை என்றால், மேலும் அடிக்காமல் காற்றை இறக்கிவிட்டு மறுபடி சோப்புத் தண்ணீர் தடவ வேண்டும். பங்சர் கிட்டோடு வரும் சிறிய பம்பால் இந்த வேலை ஆகாது. தொட்டி வைத்த கம்ப்ரஸர் வேண்டும்.

பேலன்சரின் மேல் சக்கரத்தைப் படுக்க வைத்தால், கனமான பக்கம் தாழ்ந்து குமிழி எதிர்ப்பக்கம் நகரும். குமிழி நகர்ந்த பக்கத்தில் ஈயக்கட்டிகளை வைத்துக் குமிழியை நடுவுக்குக் கொண்டுவர வேண்டும். டயரில் எடை குறைந்த இடத்தைக் காட்டும் மஞ்சள் புள்ளி இருந்தால் அதை வால்வுக்கு நேராக வைத்து மாட்டியிருப்பதும், தேவைப்படும் எடையில் பாதியை உட்புறமும் பாதியை வெளிப்புறமும் ஒட்டுவதும் பலன் தருகின்றன. ஆனால் சக்கரம் சுழலும்போது, உட்பக்கத்துக்கும் வெளிப்பக்கத்துக்கும் உள்ள எடை வேறுபாட்டால் வரும் பக்கவாட்டு ஆட்டத்தை, அசையாமல் கிடக்கும் சக்கரத்தில் எந்தக் குமிழியாலும் காட்ட முடியாது. டயர் அகலமாக ஆக இந்தக் குறை கூடும். கேப்பர் மலைச் செம்மண் பாதைகளிலும் ஊருக்குள்ளும் எந்தத் தொல்லையும் இல்லை. புதுச்சேரி சாலையில் 80 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டியதும் ஸ்டியரிங் நடுங்கியது. முன்சக்கரங்கள் இரண்டையும் கடையில் கணினி இயந்திரத்தில் பேலன்ஸ் செய்த பிறகே அது நின்றது. (ரிம்மின் உட்புறத்தில் காய்ந்து ஒட்டிய சேறும் இதே நடுக்கத்தைத் தரும் என்பதால், எடையைக் குறை சொல்லும் முன் சக்கரத்தைக் கழுவிப் பார்ப்பது முறை.)

இரண்டாவது செட்டுக்குத் தனி ரிம் வைத்திருப்பவர்களுக்கு இந்தப் பெட்டியே தேவையில்லை, ஜாக்கியும் வீல் ஸ்பேனரும் போதும். ஒரே ரிம்மில் டயரை மாற்றிப் போடுபவர்கள், ஸ்டாண்டைத் தனியாக விற்பவர்களிடம் அதை மட்டும் வாங்கிக்கொண்டு, பேலன்சிங்கைக் கடைக்கே விட்டுவிடலாம். பெட்டியோடு வரும் ஒட்டு ஈயக்கட்டிகளின் பசையும் சரியில்லை. முதல் வாட்டர் வாஷிலேயே இரண்டு உதிர்ந்துவிட்டன.