வேலையை விட்டால் எதை எடுக்கலாம்: ஈ.பி.எஃப். அல்லது ஈ.ரி.எஃப்.?

இலங்கையில் அடிப்படைச் சம்பளம் 60,000 ரூபா என்றால், ஈ.பி.எஃப்.இற்கு (ஊழியர் சேமலாப நிதி) மாதம் 12,000 சேரும்: உங்கள் 8%, முதலாளியின் 12%. ஈ.ரி.எஃப்.இற்கு (ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதி) முதலாளி மட்டும் 3%, அதாவது 1,800.

யாழ்ப்பாணத்தில் கடையையோ கம்பனியையோ விட்டு விலகும் 35 வயதுக்காரர் ஈ.ரி.எஃப்.ஐ எடுக்கலாம், ஆனால் ஐந்து வருடத்துக்கு ஒரு தடவைதான். ஈ.பி.எஃப். பொதுவாக ஆணுக்கு 55, பெண்ணுக்கு 50 வயதில்தான் கிடைக்கும். நிரந்தரமாக வெளிநாடு போதல், நிரந்தர இயலாமை, திருமணத்தால் பெண் வேலையை விடுதல் போன்றவை விதிவிலக்கு. வீட்டுக்கோ வைத்தியத்துக்கோ ஈ.பி.எஃப். மீதியில் 30% வரை முன்கூட்டிக் கேட்கலாம். அதற்குப் பத்து வருடப் பங்களிப்பும் மூன்று லட்சம் மீதியும் வேண்டும்.

அவசரத்துக்கு ஈ.ரி.எஃப்.ஐத் தொடுங்கள், ஈ.பி.எஃப்.ஐ வட்டியோடு வளர விடுவதே நல்லது. புது இடத்தில் வேறு அங்கத்துவ இலக்கம் தருவார்கள். பழையதையும் குறித்து வையுங்கள், பிறகு கணக்குகளை ஒன்றாக்க உதவும்.

காசு எடுக்கும்போது இழுபடுவது பெரும்பாலும் பெயரில்தான். அடையாள அட்டையில் தகப்பன் பெயரோடு முழுப்பெயர், கம்பனிப் பதிவில் முதலெழுத்தோடு வேறு எழுத்துக்கூட்டல். விலகுவதற்கு முன்பே முதலாளியைக் கொண்டு திருத்துவியுங்கள். கம்பனி மூடிவிட்டால் திருத்துவது பெரும்பாடு.