வியாசர்பாடி பட்டறையில் சீரான 30 சிசி எஞ்சின்

என் மாதிரி விமானத்தின் பெட்ரோல் எஞ்சின், புதிய சைலன்சர் பொருத்தியபின் த்ராட்டிலைத் திறந்தாலே திணறி அணைந்துவிட்டதால், வியாசர்பாடியில் பைக் கார்புரேட்டர் வேலை செய்யும் சிறிய பட்டறை ஒன்றுக்கு எடுத்துச் சென்றேன். மெக்கானிக் எடுத்த எடுப்பில், பெட்ரோல் அளவைக் கட்டுப்படுத்தும் கார்புரேட்டர் ஊசிகளைத் தொடாமல், ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி அதன் முனை வெளுத்திருப்பதைக் காட்டி, காற்று-பெட்ரோல் கலவையில் பெட்ரோல் குறைகிறது என்றார். சைலன்சர் மாறினால் பழைய ஊசி நிலை பொருந்தாது என்பதை அறிந்தவரின் தொடக்கம் அது. குறைந்த வேகத்துக்கான லோ ஊசியைச் சிறிது திறந்து திணறலைப் போக்கியவர், அதிக வேகத்துக்கான ஹை ஊசியை முழு த்ராட்டிலில் உச்ச வேகம் வரும்வரை மூடி, வேகம் லேசாகத் தணியும் அளவுக்கு மீண்டும் திறந்துவிட்டார். பிஸ்டனை அதிக வெப்பத்திலிருந்து காப்பது இந்தச் சிறிய விட்டுக்கொடுப்புதான். ஆனால், சுழலும் ப்ரொப்பெல்லருக்கு முன்னால் நின்று திருகியதை என்னால் ஏற்க முடியவில்லை. அந்த வேலையைப் பின்பக்கமிருந்தே செய்ய வேண்டும்.