சிங்தாவா, வெய்ஹாய்வெயா: இரண்டு குத்தகைத் துறைமுகங்கள்

1898-ல் சீனக் கடற்கரையில் இடம் பிடிக்க வல்லரசுகளுக்குள் ஒரே தள்ளுமுள்ளு. மார்ச் மாதம் ஜெர்மனி ஜியாவ்ஜோவ் விரிகுடாவை 99 ஆண்டுக் குத்தகைக்கு எழுதி வாங்கியது. அங்கே எழுந்த ஊர்தான் சிங்தாவ். அதே மாதம் ரஷ்யா போர்ட் ஆர்தரை 25 ஆண்டுக்கு எடுத்தது. ஜூலையில் பிரிட்டனுக்கு வெய்ஹாய்வெய். தெற்கே குவாங்ஜோவானில் பிரான்ஸ். இவற்றில் எனக்குச் சுவாரசியம் சிங்தாவும் வெய்ஹாய்வெயும்தான். இரண்டும் ஷான்டோங் மாகாணக் கரையில் இருப்பவை. ஒன்றில் குத்தகைக்காரர் மாளிகையே கட்டினார். மற்றதில் திண்ணையோடு நின்றுகொண்டார்.

ஜெர்மானியருக்குச் சாக்காகக் கிடைத்தது 1897 நவம்பரில் ஷான்டோங்கில் நடந்த இரண்டு பாதிரியார்களின் கொலை. இரண்டே வாரத்தில் கப்பற்படை கரையிறங்கிவிட்டது. சிங்தாவின் ஆட்சி ஜெர்மனியின் காலனித் துறையிடம் போகவில்லை, கடற்படைத் துறைத் தலைவர் திர்பிட்ஸின் அலுவலகத்திடம் போனது. மற்றவர் கண்படும்படி ஒரு முன்மாதிரி நகரம் கட்டிக் காட்டுவது அவருடைய ஆசை. அகலத் தெருக்கள், சாக்கடைக் குழாய்கள், 1904-ல் ஜினான் வரை ரயில், 1909-ல் ஜெர்மன்-சீன உயர்கல்லூரி எல்லாம் வந்தன. 1903-ல் தொடங்கிய பீர் ஆலை இன்றும் ஓடுகிறது. ஜெர்மன் பீர் என்று பெயர், முதலில் ஆங்கிலேயரும் பங்குதாரர்கள். (பழைய ஜெர்மன் சாக்கடையைத் தோண்டினால் எண்ணெய்த்தாளில் சுற்றிய உதிரிபாகம் கிடைக்கும் என்று சீன இணையத்தில் ஒரு கதை உலவுகிறது. வெறும் கட்டுக்கதை.)

நிலச் சட்டத்தைத்தான் இதில் கெட்டிக்கார வேலை என்பேன். அரசு முதலில் கிராமத்தாரிடம் பழைய விலைக்கே நிலத்தை வாங்கியது, பிறகு ஏலம் விட்டது. வாங்கியவர் நில மதிப்பில் ஆண்டுக்கு 6% வரி கட்டவேண்டும். விற்றால் லாபத்தில் மூன்றில் ஒரு பங்கு அரசுக்கு. மனை வாங்கிப்போட்டு விலை ஏறக் காத்திருப்பவருக்கு அங்கே வேலையில்லை. 1912-ல் வந்து பார்த்த சீனப் புரட்சித் தலைவர் சுன் யாட்-சென்னே ஊரைப் பாராட்டினார். ஆனால் ஐரோப்பியப் பகுதியில் சீனர் வேலைக்காரராக இருக்கலாம், வீட்டுக்காரராக இருக்க முடியாது. சீன வணிகர்களுக்கு தாபாவ்தாவ் என்று தனிப் பேட்டை. பழைய கிராமங்கள் சில இருந்த இடம் தெரியாமல் போயின.

சரி, வெய்ஹாய்வெய்? அதன் தலையெழுத்து ஒப்பந்தத்திலேயே இருந்தது: போர்ட் ஆர்தர் ரஷ்யர் கையில் இருக்கும்வரைதான் குத்தகை. 1905-ல் ஜப்பானியர் அதைப் பிடித்த பிறகும் ஆங்கிலேயர் நகரவில்லை. ஆனால் நாளைக்கே காலி செய்யவேண்டியிருக்கலாம் என்ற ஊரில் யார் பணம் போடுவார்? லியுகோங் தீவில் தொடங்கிய கோட்டை வேலை பாதியில் நின்றது. சீனச் சிப்பாய்களைக் கொண்டு எழுப்பிய படைப்பிரிவும் 1906-ல் கலைந்தது. கோடையில் கப்பற்படை வந்து காற்று வாங்கும்; மற்ற மாதங்களில் ஊர் உறங்கும்.

அந்த உறக்கத்தில் ஒரு நன்மை இருந்தது. ஆட்சி செய்த லாக்ஹார்ட், ஜான்ஸ்டன் இருவரும் சீன மொழியில் ஊறியவர்கள். கிராமத் தலைவர்களையும் பழைய வழக்கங்களையும் அப்படியே விட்டுவைத்தார்கள். மதில் சூழ்ந்த பழைய நகரம் குத்தகைக்குள்ளேயே வரவில்லை. இந்த ஜான்ஸ்டன்தான் இடையில் பீக்கிங் போய் கடைசிப் பேரரசர் பூயிக்கு ஆசிரியராக இருந்தவர். திரும்பி வந்து 1930 அக்டோபர் 1 அன்று ஊரைச் சீனாவிடம் ஒப்படைத்ததும் அவரே.

கடை வைக்கவேண்டுமென்றால் நான் சிங்தாவுக்குப் போயிருப்பேன். அப்பன் பாட்டன் நிலத்தில் உழுதுகொண்டிருக்கவேண்டுமென்றால் வெய்ஹாய்வெய்.

கடை வைத்தவர் கதையும் நீடிக்கவில்லை. 1914 நவம்பர் 7-ல் சிங்தாவ் ஜப்பானியரிடம் விழுந்தது. 99 ஆண்டில் 16 ஆண்டுதான் ஓடியிருந்தது. அங்கே இனிப்புக்கடை நடத்திய கார்ல் யூஹைம் கைதியாக ஜப்பானுக்குப் போனார். 1919-ல் ஹிரோஷிமா கண்காட்சியில் அவர் சுட்டு வைத்த பாம்கூஹன் கேக் இன்றும் அந்த நாட்டில் கடைகடையாக விற்கிறது.

ரஷ்யர் இன்னும் அவசரப்பட்டவர்கள். போர்ட் ஆர்தர் பக்கத்தில் டால்னி நகரைத் திட்டம் போட்டுக் கட்டினார்கள், 1905-க்குள் ஜப்பானியரிடம் இழந்தார்கள்; இன்று அது தாலியன். பிரான்ஸ் குவாங்ஜோவானை இந்தோசீனாவோடு சேர்த்து ஹனோயிலிருந்து ஆண்டது, பெரிதாக எதுவும் கட்டவில்லை. அபின் கடத்தல்தான் அங்கே தழைத்தது. நால்வரில் கடைசியாக, 1945-ல்தான் அந்தக் குத்தகை முடிந்தது. பிரெஞ்சுக் கப்பற்படைக்குப் பெரிதாக உதவாத அந்த ஊர் இப்போது ஜான்ஜியாங். சீனத் தென்கடல் கப்பற்படையின் தலைமையகம் அங்கேதான்.