புல் வெட்டும் மெஷினுக்கு இக்னிஷன் காயில் மாற்றியதாகச் சொல்லி 3,400 ரூபாய் வாங்கிவிட்டார்கள்

நேற்று சாயங்காலம்தான் உண்மை தெரிந்தது. மனசு இன்னும் ஆறவில்லை. வேறு யாரும் ஏமாறக் கூடாது என்று இப்போதே எழுதுகிறேன்.

குலசேகரம் பக்கம் எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் ரப்பர் இருக்கிறது. மழை பெய்தால் மரங்களுக்கு நடுவே காடு முழங்கால் உயரம் ஏறிவிடும். பால் வெட்டுகிறவர் விடியும் முன்னே தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு அதற்குள்தான் நடக்கிறார். பாம்பு கிடந்தால் தெரியாது. அதனால் புல் வெட்டும் மெஷின் நின்றால் எனக்குத் தூக்கம் வராது.

அது டூ ஸ்ட்ரோக் மெஷின். பத்து நிமிஷம் ஓடும், சட்டென்று நிற்கும். கீழே வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் கழித்து இழுத்தால் மறுபடி ஓடும். புது பிளக் போட்டேன், பெட்ரோலும் ஆயிலும் புதிதாகக் கலந்தேன். சரியாகவில்லை. மார்த்தாண்டம் போகும் வழியில் விவசாயக் கருவிகள் விற்று ரிப்பேரும் பார்க்கும் ஒரு கடைக்குக் கொண்டுபோனேன்.

"அண்ணாச்சி, சூடானா காயில் அடங்கிரும். ஆறினா கரண்டு வரும். புதுசு போட்டாத் தீந்துது, பயப்படாண்டாம்" என்றார் மெக்கானிக். பிளக்கில் பொறி விழக் கரண்டு கொடுப்பது காயில்தான். அது கெட்டால் இப்படியும் ஆகும் என்பது எனக்கும் தெரியும், அதனால் நம்பினேன். மெஷினை உள்ளே எடுத்துப்போனார். திரும்பி வந்து, காந்தத்துக்கும் காயிலுக்கும் நடுவே ஒரு விசிட்டிங் கார்டை நுழைத்து, இடைவெளி பார்த்து ஸ்குரூவை முறுக்கினார். தொழில் தெரிந்த கை என்று அதைப் பார்த்ததுமே முடிவு செய்துவிட்டேன். காயில் 2,600, கூலி 800. மொத்தம் 3,400 ரூபாய். பில் கேட்டதற்கு "நமக்குள்ள எதுக்கு பில்லு?" என்றார். பழைய காயில் குப்பைக்குப் போய்விட்டதாம்.

மேசையில் வைத்து இழுத்தால் ஓடியது. மறுநாள் தோட்டத்தில் அதே பத்து நிமிஷம்தான். போன் செய்தால் "பெட்ரோல் சரியில்ல" என்றார்கள். நேரில் போனால் மெக்கானிக் லீவு. மறுபடி போனபோது முதலாளி செல்போனிலிருந்து தலையைக்கூட நிமிர்த்தாமல், "கரண்டு சாமானுக்கு கேரண்டி கிடையாது" என்றார். 3,400 ரூபாய் கொடுத்தவனிடம்!

நேற்று தேங்காய்ப்பட்டணத்தில் போட் எஞ்சின் பார்க்கும் அத்தானிடம் கொண்டுபோனேன். அவர் முதல் வேலையாக, ஆஃப் சுவிட்சிலிருந்து காயிலுக்கு வரும் வயரைக் கழற்றினார். பிளக்கை வெளியே எடுத்து, கேப்பில் மாட்டி, எஞ்சின் உடம்பில் தொடவைத்து இழுத்தார். நீலப் பொறி பளிச்சென்று விழுந்தது. அந்த வயர் எஞ்சின் உடம்பில் பட்டால் பொறி நின்றுவிடும். சுவிட்ச் செய்வதே அந்த வேலைதான். கைப்பிடி கிளாம்புக்கு அடியில் வயரின் தோல் உரிந்திருந்தது. தோளில் மாட்டி வீசும்போது மெஷினின் உலோகக் குழாயில் படுகிறது, கீழே வைத்தால் விலகிவிடுகிறது. அதைத்தான் ஆறியதும் ஓடுகிறது என்று நினைத்திருக்கிறேன். இன்சுலேஷன் டேப் சுற்றியதோடு சரியாகிவிட்டது.

கவரைக் கழற்றினால் உள்ளே இருப்பது என் பழைய காயில். முன்பு நானே கழற்றியபோது ஸ்குரூ டிரைவர் பட்டு விழுந்த கீறல் அப்படியே இருக்கிறது. மாற்றவே இல்லை!

அவசரமாகச் சில விஷயங்கள். காயில் போச்சு என்று யார் சொன்னாலும் முதலில் சுவிட்ச் வயரைக் கழற்றிப் பாருங்கள். பெட்ரோல் பக்கத்தில் இருக்கக் கூடாது, பிளக்கை அதன் துளையருகே பிடிக்கவும் கூடாது. வயர் இல்லாமல் எஞ்சினை ஓட்டினால் சுவிட்சில் நிற்காது, காற்றை அடைக்கும் சோக்கை மூடித்தான் நிறுத்த வேண்டும். பழைய சாமானைக் கையில் வாங்காமல் காசு கொடுக்காதீர்கள். பில்லும் வாங்குங்கள். என்னிடம் பில் இல்லை, இருந்தும் இன்று 1915 நுகர்வோர் உதவி எண்ணுக்குப் பேசப் போகிறேன்.