எமீமாளா, கெத்சீயாளா?

பெண் குழந்தைக்கு அரிய எபிரேயப் பெயர் தேடுவோர் பலர், வேதாகமத்தில் வரும் யோபுவின் மகள்களான இவ்விருவரிடம் வந்து தயங்குகின்றனர். யோபு 42ஆம் அதிகாரம், மகன்களின் பெயரைக் கூறாமல் மகள்களின் பெயரை மட்டும் கூறி, சகோதரரோடு அவர்களுக்கும் தந்தை சொத்துரிமை அளித்ததாகச் சொல்வது இரு பெயர்களுக்கும் பொதுவான பெருமை.

பொருள்: எமீமாளை அரபுச் சொல்லான யமாமாவோடு இணைத்துப் ‘புறா’ என்பர் பெரும்பாலோர், பகலைக் குறிக்கும் ‘யோம்’ என்பதிலிருந்து வந்ததாகக் கொள்வாரும் உண்டு.
கெத்சீயாளில் இந்தக் குழப்பமில்லை. கருவாவின் இனத்தைச் சேர்ந்த மணமுள்ள பட்டையே அது. அரசனின் ஆடை மணப்பதைப் பாடும் 45ஆம் சங்கீதத்தில் அதே எபிரேயச் சொல் பன்மையில் வருகிறது. தமிழ் வேதாகமம் அங்கே இலவங்கம் என்கிறது.

வழக்கு: எமீமாளின் ஆங்கில வடிவமான ஜெமிமா, கிரிக்கெட் வீராங்கனை ஜெமிமா ரோட்ரிக்ஸால் நம் காதுக்குப் பழகிவிட்டது. ஆனால் அமெரிக்காவில், கறுப்பினப் பெண்ணைப் பணிப்பெண்ணாகச் சித்திரித்ததால் 2021இல் கைவிடப்பட்ட பான்கேக் மாவுப் பெயரை அது நினைவூட்டும்.
கெத்சீயாளின் ஆங்கில வடிவமான கெசியா அரிதானது, அப்படிப்பட்ட சுமை ஏதுமில்லை.

எழுத்தும் ஒலிப்பும் விளக்கமின்றிப் புரியவேண்டுமெனில் ஜெமிமா. தெளிவான பொருளும் அருமையும் வேண்டுவோருக்கும், அமெரிக்காவில் வளரும் குழந்தைக்கும் கெசியாவே என் தேர்வு.