இரண்டு மரை ஏறி நின்ற போல்ட்

என் பழைய தோட்ட டிராக்டர் இன்ஜினின் சிலிண்டரில், ரெண்டரை நூல் (ஒரு நூல் என்பது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு) ஓட்டைக்குள் எட்டு எம்எம் போல்ட்டை ஸ்பானர் போட்டு ஏற்றிவிட்டார்கள். ஊருக்குப் போய்த் திரும்பி மூன்று வாரம் ஆகிறது, இன்னும் மனசு ஆறவில்லை. அக்கா மகள் கல்யாணம், பேங்க் வேலை, அம்மாவின் கண் ஆபரேஷன் எல்லாம் நல்லபடியாக முடிந்தன, அதைப் பற்றியெல்லாம் எழுத எதுவும் இல்லை. இந்தப் போல்ட்டைப் பற்றித்தான் எழுத வேண்டும்.

நான் இருப்பது இங்கிலாந்தில், பர்மிங்காமில். போன வருஷம் எங்கள் தெருவில் ஒரு பெரியவர் வீட்டைக் காலி செய்தபோது, ஷெட்டில் சாக்கு மூடிக் கிடந்த ஒரு தோட்ட டிராக்டரை எனக்குக் கொடுத்தார். நாம் வயலில் பார்க்கிற டிராக்டர் இல்லை. இரண்டே சக்கரம், நீளமாக இரண்டு கைப்பிடி, பின்னால் நடந்துகொண்டே ஓட்ட வேண்டும், நம் பவர் டில்லருக்குத் தம்பி மாதிரி இருக்கும். யுத்தம் முடிந்த பிறகு, 1950கள் வரைக்கும் இந்த நாட்டில் பல கம்பெனிகள் இப்படிச் செய்து விற்றன. என்னுடையதில் பெயர்த்தகடு துருப்பிடித்து உதிர்ந்துவிட்டது, யார் செய்தது என்றே தெரியவில்லை. ஆனால் இன்ஜின் மேல் இருந்த அழுக்கைத் துடைத்ததும் எனக்குச் சிலிர்த்துவிட்டது. வில்லியர்ஸ், வுல்வர்ஹாம்டன். மார்க் 25, 256 சிசி, சைடு வால்வு, காற்றிலேயே குளிரும் இன்ஜின்.

மீஞ்சூர் பக்கம் தாத்தாவின் கீரைத் தோட்டத்தில் தண்ணீர் இறைத்தது வில்லியர்ஸ்தான். பெட்ரோலில் கிளப்பி, இன்ஜின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள், அந்த மாற்றும் நேரத்தில் ஒரு வெள்ளைப் புகையும் ஒரு வாசனையும் வரும். அந்த வயசில் கயிற்றைச் சுற்றி இழுக்க எனக்குக் கை எட்டாது, சித்தப்பா இழுப்பார், நான் வாய்க்காலில் தண்ணீரோடு ஓடுவேன். அந்தப் பெயர் எங்கோ ஒரு ஆங்கிலேயர் ஷெட்டுக்குள் இருந்து என்னைப் பார்த்தால் விட்டுவிட முடியுமா?

டிராக்டருக்கான கையேடு கிடைக்கவே இல்லை, பெயரே தெரியாத வண்டிக்கு எதைக் கேட்டுத் தேடுவது. இன்ஜினுக்கான கையேடு கிடைத்தது. வில்லியர்ஸ் இன்ஜின் நம்பருக்கு முன்னால் இருக்கும் எழுத்துகளை வைத்தே எந்த மாடல் என்று கண்டுபிடித்துவிடலாம், அதை வைத்து ஒரு பழைய இயக்கக் குறிப்புப் புத்தகத்தின் ஸ்கேன் பிரதி வாங்கினேன். சிலிண்டர் தேய்ந்திருந்தது, ரீபோர் செய்ய வேண்டும், அதாவது உள்சுவரைக் கொஞ்சம் பெரிதாகக் கடைந்து சமன் செய்ய வேண்டும். எக்சாஸ்ட் பைப்பைப் பிடிக்கிற இரண்டு ஸ்டட்டில் (தலையில்லாமல் இரண்டு முனையிலும் மரை உள்ள போல்ட்) ஒன்று உள்ளேயே முறிந்து நின்றது. இங்கே கேட்டால், கையில் எடுத்துப் பார்க்கவே 60 பவுண்டு, வேலைக்கு ஆறு வாரம், அப்புறம் 'பழைய வார்ப்பு, விரிசல் விட்டால் எங்கள் பொறுப்பில்லை' என்று ஒரு தாளில் கையெழுத்து. கல்யாணத்துக்கு எப்படியும் ஊருக்குப் போகிறோம், வடசென்னையில் ஆகாத லேத் வேலையா என்று சிலிண்டரைத் துண்டில் சுற்றிப் பெட்டியில் வைத்துக்கொண்டேன்.

உதிரி பாகம் தேடிப் போன சென்னை லிங்கிச் செட்டி தெருவில் முதல் ஏமாற்றம். பழைய வழக்கம் உங்களுக்கே தெரியும். பொருளைப் பேப்பரில் சுற்றிக் கொண்டுபோய்க் கல்லாவில் வைப்போம், முதலாளி எடுத்து உருட்டிப் பார்ப்பார், நகத்தால் சுரண்டுவார், பரண் மேல் இருக்கிற பையனுக்கு ஒரு குரல் கொடுப்பார், அவன் தூசியோடு எதையோ தூக்கிப் போடுவான், அது சரியாக இருக்கும். இந்த முறை நான் ஏறி இறங்கிய நாலு கடையிலும் கம்ப்யூட்டர் முன்னால் ஒரு பையன். சிலிண்டரைத் தொடக்கூட இல்லை. "பார்ட் நம்பர் சொல்லுங்க சார்." இல்லை என்றேன். "அப்போ போட்டோ எடுத்து வாட்ஸ்அப்ல போடுங்க, பாத்துட்டுச் சொல்றோம்." பொருள் அவன் முன்னால் மேஜை மேலே இருக்கிறது! இதே கேள்வியை பர்மிங்காமில் கேட்டால் எனக்குக் கோபம் வராது, அங்கே எல்லாமே நம்பரில்தான் ஓடுகிறது, நம்பர் செத்துவிட்டால் பொருளும் செத்துவிட்டது. ஊரிலும் அப்படி ஆகிவிட்டதே என்றுதான் வருத்தம்.

பிஸ்டனும் ரிங்கும் பிராட்வே பக்கம் ஒரு பம்புசெட் கடையில் கிடைத்தன. வில்லியர்ஸ் போன பிறகும் இங்கே கிரீவ்ஸ் கம்பெனி எம்கே 12, எம்கே 25 என்று அந்த வம்சத்து மண்ணெண்ணெய் இன்ஜின்களைப் போட்டுக்கொண்டிருந்தது, அதனால் உதிரி பாகம் இன்னும் புழக்கத்தில் இருக்கிறது. வுல்வர்ஹாம்டன் எனக்குப் பக்கத்து ஊர், அங்கே கிடைக்காதது பிராட்வேயில் பிளாஸ்டிக் உறைக்குள் புதுசாக இருந்தது.

இனி அந்தப் போல்ட். ரீபோர் செய்யக் கொடுத்த பட்டறையின் பெயர், இடம் எதையும் சொல்லப் போவதில்லை. போரிங் வேலையில் ஒரு குறையும் இல்லை, 20 தவ் (ஒரு தவ் என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு) ஓவர்சைஸுக்கு அழகாக எடுத்துக் கொடுத்தார்கள், உள்ளே விரல் வைத்தால் கண்ணாடி. முறிந்த ஸ்டட்டையும் நடுவில் துளை போட்டுப் பொறுமையாக வெளியே எடுத்துவிட்டார்கள், ஓட்டையின் மரைக்கு ஒன்றும் ஆகவில்லை, நானே டார்ச் அடித்துப் பார்த்தேன். டீ குடித்துவிட்டு வருகிறேன் என்று வெளியே போனேன். பத்து நிமிஷம்கூட இருக்காது. திரும்பி வந்தால் அந்த ஓட்டையில் பளபளவென்று ஒரு புது போல்ட் நிற்கிறது. "போல்ட்டும் போட்டுட்டேன் சார், செம டைட்" என்று அந்தத் தம்பி சந்தோஷமாகச் சொல்கிறான்.

எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. ரெண்டரை நூல் என்றால் 5/16 அங்குலம், 7.94 மில்லிமீட்டர். எட்டு எம்எம்முக்கும் அதற்கும் கண்ணால் வித்தியாசம் தெரியாது. ஆனால் மரை வேறு. இது பிஎஸ்எஃப் என்கிற பழைய பிரிட்டிஷ் நெருக்க மரை, ஒரு அங்குலத்துக்கு 22 மரை, அதாவது ஒரு மரைக்கும் அடுத்ததுக்கும் 1.15 மில்லிமீட்டர். எட்டு எம்எம் சாதா போல்ட்டில் அது 1.25. மரையின் கோணமும் 55 பாகைக்குப் பதில் 60. அதனால் முதல் இரண்டு மரை கையாலேயே சுகமாக ஏறும், மூன்றாவதில் பிடிக்கும். அந்த இடத்தில் கை நின்றிருக்க வேண்டும். இரண்டு மரை ஏறிப் பிடித்தால் தப்பு என்று அர்த்தம், டைட் என்று அர்த்தம் இல்லை. ஸ்பானர் போட்டு ஏற்றியதில், எழுபது வருஷம் தாங்கிய மரை முழுக்க உரிந்துவிட்டது. போல்ட்டைக் கழற்றச் சொன்னேன், அதன் பள்ளங்களில் சாம்பல் நிறத்தில் வார்ப்பிரும்புத் தூள் ஒட்டிக்கொண்டு வந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு அங்கேயே நின்றேன். அந்தத் தம்பியைத் திட்டவும் மனசு வரவில்லை, அவன் பிறந்ததிலிருந்து எம்எம் மட்டும்தான் பார்த்திருக்கிறான், அவனுக்கு நல்லது செய்வதாகத்தான் நினைப்பு. ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம், அவ்வளவுதான். கேட்காமல் ஏன் கை வைத்தான் என்று அன்று ராத்திரி முழுக்கத் தூக்கம் வரவில்லை.

அம்மாதான் யோசனை சொன்னாள். "புல்லட்டுக்கு வேலை பாத்தவங்க திருவொற்றியூர்ல இருப்பாங்களே, போய்க் கேளேன்டா." எனக்கு ஏன் முதலிலேயே தோன்றவில்லை! 1955-லிருந்து மெட்ராஸில் ராயல் என்ஃபீல்டு புல்லட் மோட்டார் சைக்கிள் செய்தார்கள், திருவொற்றியூர் தொழிற்சாலைச் சங்கு கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். இங்கிலாந்தில் அந்தக் கம்பெனி 1970-ல் முடிந்தே போனது, திருவொற்றியூரில் நிற்கவில்லை. புல்லட்டிலும் நெடுங்காலம் அங்குல மரைதான் இருந்தது.

தேரடிக்குப் பக்கத்துச் சந்தில் இரண்டு பேரிடம் விசாரித்ததும் வழி சொல்லிவிட்டார்கள். ஒரு ஆள் நிற்கிற அகலத்தில் பட்டறை, பெல்ட் போட்ட பழைய லேத் ஒன்று, டிரில்லிங் மெஷின் ஒன்று, எழுபதைத் தாண்டிய ஒரு பெரியவர். சிலிண்டரைக் கொடுத்ததும் முதலில் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, ஓட்டைக்குள் சுண்டுவிரலை விட்டுத் தடவினார்.

"யாரு தம்பி இதுல எம்எம் ஏத்துனது?"

நான் எதுவுமே சொல்லவில்லை, அதற்குள் விரல் சொல்லிவிட்டது. பக்கத்தில் முறியாமல் இருந்த இன்னொரு ஸ்டட்டைப் பார்த்தார். டிராயரிலிருந்து மரை அளக்கும் திரெட் கேஜை எடுத்து விசிறி மாதிரி விரித்து, ஒவ்வொரு தகடாக ஸ்டட்டின் மேல் வைத்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்தார். 20 வைத்தபோது இடுக்கில் வெளிச்சம் தெரிந்தது. 24 வைத்தபோதும் தெரிந்தது. 22 வைத்ததும் வெளிச்சம் அடைந்துவிட்டது, அதை எனக்கும் காட்டினார்.

"பிஎஸ்எஃப். ரெண்டரை நூலு, இருபத்திரெண்டு. இதை இன்னாத்துக்கு அவ்ளோ தூரத்துலேர்ந்து தூக்கினு வந்தே, அங்க லேத்து இல்லியா?"

இருக்கிறது ஐயா, ஆனால் ஆறு வாரம் ஆகும் என்றேன். ஆறு வாரமா என்று ஒரு முறை கேட்டுவிட்டு, வேலையை ஆரம்பித்துவிட்டார்.

உரிந்த ஓட்டையை மூணு நூலுக்குப் பெரிதாக்கி 3/8 பிஎஸ்எஃப் மரை வெட்டினார். மரத்தாலான பெட்டியில் ஓட்டைக்குள் மரை வெட்டும் மூன்று டேப், ஒவ்வொன்றும் எண்ணெய்த் துணியில் தனித்தனியாகச் சுற்றியிருந்தது. டேப்பை அரைச் சுற்று முன்னால், கால் சுற்று பின்னால் என்று ஓட்டினார், எண்ணெய் விடவில்லை, வார்ப்பிரும்புக்கு எண்ணெய் விட்டால் தூள் களியாகிவிடும் என்றார். அப்புறம் ஒரு கம்பியை லேத்தில் மாட்டி ஸ்டெப் ஸ்டட் கடைந்தார், ஒரு முனை 3/8, அங்குலத்துக்கு 20 மரை, மறுமுனை பழையபடி 5/16, 22 மரை. லேத்தில் மரை வெட்டக் கியர் சக்கரத்தை மாற்றும்போது எந்தப் பட்டியலையும் பார்க்கவில்லை. மரை வெட்டிக்கொண்டிருந்த ஒரு மணி நேரமும் என்னோடு பேசவும் இல்லை, ஒருமுறை மட்டும் "வெளிச்சத்த மறைக்காத தம்பி" என்றார்.

ஸ்டட்டை ஏற்றிய பிறகு பழைய ஸ்டட்டின் நட்டையே எடுத்து அதில் வைத்துச் சுண்டிவிட்டார். நட்டு தானாகச் சுழன்று அடிவரை போய் நின்றது.

நானூறு ரூபாய் கேட்டார். நாலு பவுண்டுகூட இல்லை. கூடக் கொடுத்தால் வாங்கமாட்டேன் என்றார், வாங்கவில்லை. பதிலாக நான் கொண்டுபோயிருந்த கையேட்டு அச்சைப் பார்க்கக் கேட்டார். தீப்பொறிக்கு மின்சாரம் தரும் மேக்னெட்டோவைப் பற்றிய பக்கத்தில் பாயிண்ட் இடைவெளி எவ்வளவு என்று போட்டிருப்பதை விரலால் தொட்டு, "அதேதான்" என்று தலையை ஆட்டினார். இந்த இன்ஜினுக்குப் புத்தகம் இருப்பதை வாழ்க்கையில் இப்போதுதான் பார்க்கிறேன், வேலை எல்லாம் வாயால் சொல்லித்தான் கற்றுக்கொண்டது என்றார். மறுநாள் அதை முழுக்க ஜெராக்ஸ் எடுத்து, ஸ்பைரல் போட்டு, எழுத்துகள் பெரிதாகத் தெரியும்படி ஏ3 தாளில் ஒரு பிரதி கொண்டுபோய்க் கொடுத்தேன். லேத்துக்கு மேலே ஆணியில் மாட்டிக்கொண்டார். எனக்கு ஒரு பொட்டலம் கொடுத்தார், தினத்தந்தியில் சுற்றி கிரீஸ் தடவிய இன்னொரு ஸ்டெப் ஸ்டட். சிலிண்டரில் முறியாமல் இருக்கும் பழைய ஸ்டட்டும் ஒருநாள் போகும், அப்போது எட்டு எம்எம்காரனிடம் போகாதே என்றார்.

போன சனிக்கிழமை மழை விட்டிருந்தது. ஷெட்டில் சிலிண்டரை உட்காரவைத்து, ரிங் வாய்களைத் தள்ளித் தள்ளி வைத்துப் பிஸ்டனை உள்ளே விட்டேன். கடைசியாக எக்சாஸ்ட் பைப்பை மாட்டி, திருவொற்றியூர் ஸ்டட்டில் நட்டை வைத்தேன். ஸ்பானரை எடுக்கவில்லை, விரலாலேயே அடிவரை இறங்கியது.